ஒரு நீர்மூழ்கி விலையில் இரண்டு அத்திக்கடவா?

திருப்பூர் பின்னலாடை:

நேற்று ராத்திரி நம் வட்டார வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த வரி இது: "ஒரு நீர்மூழ்கிக் கப்பல் செய்கிற காசில் குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் ஏற்றுகிற அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இரண்டு போடலாம். கடலே இல்லாத ஊர்க்காரன் எதற்கு இதற்கு வரி கட்ட வேண்டும்?" கீழே வரிசையாகக் கை தட்டல். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடல் இல்லையாம். நான் தைத்து அனுப்புகிற டி-ஷர்ட் வானத்திலா போகிறது? தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறுகிறது, சில சமயம் கொச்சியில். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கெல்லாம் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பத்து, பதினான்கு நாள் கூடுதல். கப்பல் வாடகை ஏறியது. திருப்பூரில் இதை உணராத யூனிட் கிடையாது. நாட்டின் வெளி வணிகத்தில் எடை கணக்குப்படி 95 சதவீதம் கடல் வழியாகத்தான் நடக்கிறது. உங்கள் டிராக்டருக்கு ஊற்றுகிற டீசலுக்கான கச்சா எண்ணெயும் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வருகிறது.

2014-ல் சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கே வந்து நின்றது. பாகிஸ்தான் சீனாவிடமிருந்து எட்டு ஹாங்கோர் வகை நீர்மூழ்கிகள் வாங்குகிறது. நாம் 1999-ல், முப்பது வருடத்தில் 24 நீர்மூழ்கி என்று திட்டம் போட்டுவிட்டு அதில் பாதியைக்கூடக் கட்டி முடிக்கவில்லை. செலவு பெரியதுதான். ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

அன்னூர் மேட்டாங்காடு:

அந்த வரியை எழுதியது நான்தான். பெயர் சொல்லாமல் இங்கே வந்து திட்டுவதற்குப் பதிலாக அங்கேயே என்னிடம் கேட்டிருக்கலாம்.

கணக்கைச் சொல்கிறேன். 2005 அக்டோபரில் ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளுக்குப் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது 18,798 கோடி. பிறகு 23,562 கோடியாக ஏறியது. ஆறால் வகுத்தால் ஒன்றுக்கு 3,927 கோடி. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு ஆனது 1,916 கோடி. வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கு மேலேயே வருகிறது. இதில் எங்கே பொய் இருக்கிறது?

1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அறுபது வருடம் கேட்டோம். கடையடைப்பு, உண்ணாவிரதம், ஊர்வலம் எல்லாம் நடந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: நிதி இல்லை. பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற ஒன்றரை டிஎம்சி தண்ணீரை ஏற்றிவரக் காசில்லை என்று சொன்ன நாட்டுக்கு, கடலுக்கு அடியில் முழுக்க மட்டும் காசு எங்கிருந்து வருகிறது? ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது என்று நின்ற குடும்பங்களைக் கேளுங்கள்.

திருப்பூர் பின்னலாடை:

ஆறால் வகுப்பதே தப்பு. அந்த 23,562 கோடியில் தொழில்நுட்பம் வாங்கியது, மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் வசதி செய்தது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் அடக்கம். வெறும் கப்பல் விலை அல்ல அது.

அப்புறம், அத்திக்கடவு மாநில அரசின் பணம். நீர்மூழ்கி மத்திய அரசின் பணம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

அன்னூர் மேட்டாங்காடு:

இரண்டும் என் பையிலிருந்து போகிற பணம். அந்த ஊர்க் கணக்கு.

ஆறால் வகுக்கக் கூடாது என்றால் எத்தனையால் வகுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். பயிற்சியும் வசதியும் கப்பலுக்காகத்தானே? எங்கள் திட்டத்தின் 1,916 கோடியிலும் ஆறு நீரேற்று நிலையம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் எல்லாம் அடக்கம். வெறும் தண்ணீர் விலை அல்ல அது.

பழைய மாலுமி, பெருந்துறை:

நான் கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். வகுத்தல் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

1971 டிசம்பர் 9 ராத்திரி. டையூ கடற்கரைக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரி. பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற ஒரே ஒரு நீர்மூழ்கி டார்பிடோ என்கிற நீரடிக் குண்டு விட்டு அதை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. இன்றைக்குப் பாகிஸ்தான் வாங்குகிற எட்டுக்கும் அதே ஹாங்கோர் பெயரை வைத்திருக்கிறார்கள். எதற்காக வைத்தார்கள் என்று யோசியுங்கள்.

நம் கடல் வெப்பக் கடல். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், நடுவில் ஒரு அடுக்கு. மேலே இருக்கும் கப்பலின் சோனார் அனுப்புகிற ஒலி அந்த அடுக்கில் பட்டு வளைந்துவிடும். கீழே ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்க, கீழேயே இறங்கிக் காத்திருக்கும் இன்னொரு நீர்மூழ்கிதான் நல்ல வழி. தோட்டத்துக்குக் கிளுவை வேலி போட்டால் அது கெட்டிப்பட வருடங்கள் ஆகும். மாடு மேய்ந்த பிறகு நட்டு என்ன பயன்? நீர்மூழ்கியும் அப்படித்தான். போர் வருகிற அன்றைக்குக் கடையில் வாங்க முடியாது.

அன்னூர் மேட்டாங்காடு:

ஐயா, குக்ரியில் போனவர்களுக்கு என் வணக்கம். அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

ஆனால் அதே 1971 டிசம்பர் 3 ராத்திரி விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கியதையும் சொல்ல வேண்டும் அல்லவா? நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்தது. அதை மூழ்கடித்தது ஐஎன்எஸ் ராஜ்புத் என்று நம் கப்பற்படையே சொல்கிறது. ராஜ்புத் நீர்மூழ்கியா? இல்லை. தண்ணீருக்கு மேலே போகிற கப்பல்.

வேலி பற்றிச் சொன்னீர்கள். அந்த ஆறு ஸ்கார்பீனில் முதலாவதான கல்வரி 2012-ல் வர வேண்டியது, 2017 டிசம்பரில்தான் படையில் சேர்ந்தது. ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில். ஒப்பந்தம் போட்டு 19 வருடம். இன்னொன்றும் சொல்கிறேன், கல்வரி தனக்கென்று டார்பிடோ இல்லாமல் வந்தது. பிளாக் ஷார்க் என்ற இத்தாலிய டார்பிடோ வாங்குவதாக இருந்தது. அந்த நிறுவனத்தின் தாய்க் கம்பெனி அகஸ்டா வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் ஊழலில் மாட்டியதால் ரத்து. கடைசியில் பழைய சிசுமார் வகை நீர்மூழ்கிகளுக்கு வாங்கி வைத்திருந்த ஜெர்மன் டார்பிடோவைப் போட்டு அனுப்பினார்கள். 3,927 கோடிக் கப்பலுக்குப் பழைய டார்பிடோ. இதற்கு இரண்டு அத்திக்கடவு.

திருப்பூர் பின்னலாடை:

மறுபடியும் 3,927. அந்த எண்ணே தப்பு என்று சொல்லியாகிவிட்டது.

அன்னூர் மேட்டாங்காடு:

தப்பு என்றால் சரியான எண் எது? அதைச் சொல்லாமல் தப்பு தப்பு என்றால் எப்படி?

அந்தியூர் வாத்தியார்:

இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்த நீர்மூழ்கியைப் பற்றிப் பேசுகிறோம்? டீசலில் ஓடுகிற கல்வரி ஒரு வகை. அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற அவ்வப்போது மேற்பரப்புக்கு அருகே வந்து காற்று இழுக்க வேண்டும். காற்று இல்லாமலே மின்சாரம் எடுக்கும் அமைப்பைப் பொருத்தினால் வாரக்கணக்கில் கீழே இருக்கலாம். அரிஹந்த் போல அணு உலையில் ஓடி அணு ஏவுகணை சுமப்பது முற்றிலும் வேறு. 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்த இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகள் இன்னொரு வகை. வேலை வேறு, விலை வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொண்டு பேசலாமே.

அன்னூர் மேட்டாங்காடு:

வாத்தியார் ஐயா, எல்லா வகையும் பணம்தான். நான் கல்வரியைப் பற்றித்தான் சொன்னேன். எண்ணும் கல்வரியின் எண்தான். அதற்கே இங்கே பதில் வரவில்லை, நீங்கள் அணு உலைக்குப் போய்விட்டீர்கள்.

கோபி மின்னணுப் பொறியாளர்:

கோபிச்செட்டிபாளையத்துக்காரி, இப்போது பெங்களூரில் வேலை. மாலுமி ஐயா 1971-லேயே நிற்கிறார். 2022-க்கு வாருங்கள்.

உக்ரைனிடம் சொல்லிக்கொள்கிற மாதிரிக் கப்பற்படையே இல்லை. 2022 ஏப்ரலில் கரையிலிருந்து இரண்டு நெப்டியூன் ஏவுகணை விட்டு ரஷ்யாவின் மாஸ்க்வாவை மூழ்கடித்தார்கள். அது கருங்கடல் படையின் தலைமைக் கப்பல். அப்புறம் ஆளில்லாத சின்னப் படகுகளை வைத்து ஒவ்வொரு கப்பலாகத் தள்ளிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் ரஸ்தோவ் என்ற ரஷ்ய நீர்மூழ்கியைச் செவஸ்தபோல் உலர்துறையில் நிற்கும்போதே அடித்தார்கள். எத்தனை கோடி செலவழித்து ஒளிந்து போகிற கப்பல் கட்டினாலும் பழுது பார்க்கத் துறைமுகத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்?

திருப்பூர் அண்ணன் செங்கடலைப் பற்றிச் சொன்னார். அங்கே போய் வணிகக் கப்பல்களுக்கு உதவியது எது? 2024 ஜனவரியில் எண்ணெய்க் கப்பலில் தீயை அணைக்கப் போனது ஐஎன்எஸ் விசாகப்பட்டினம். மார்ச்சில் ரூவென் கப்பலைக் கொள்ளையரிடமிருந்து மீட்டு 35 பேரைப் பிடித்தது ஐஎன்எஸ் கொல்கத்தா. இரண்டும் மேலே போகிற போர்க்கப்பல்கள். ஒரு நீர்மூழ்கிகூட உங்கள் கண்டெய்னரைக் காப்பாற்றவில்லை.

பழைய மாலுமி, பெருந்துறை:

அம்மிணி, கருங்கடல் ஒரு குளம் மாதிரி அடைபட்ட கடல். துருக்கி ஜலசந்தியை மூடிவிட்டால் ரஷ்யாவால் புதுப் போர்க்கப்பலைக் கொண்டுவர முடியாது. மூடித்தான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் அப்படியா? ஹோர்முசிலிருந்து மலாக்கா வரை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர். உங்கள் சின்னப் படகு பாதி வழியில் நின்றுவிடும். புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசுவது சுலபம். கீழே இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கோபி மின்னணுப் பொறியாளர்:

நான் படித்தது உணர்கருவிகளில் பொறியியல், வேலையும் அதில்தான். அம்மிணி என்று கூப்பிட்டுவிட்டு "படித்துவிட்டுப் பேசுவது சுலபம்" என்று ஒதுக்குவது சரியில்லை ஐயா. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படி ஒதுக்கித்தான் எத்தனையோ பெண்களை வாயடைத்து வைத்தார்கள். உலர்துறைக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய மாலுமி, பெருந்துறை:

மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். அதில் குறை கண்டுபிடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. உலர்துறைக்குப் பதில்: வான் பாதுகாப்பு. அதற்கும் செலவு செய்ய வேண்டும்.

அன்னூர் மேட்டாங்காடு:

பாருங்கள். நீர்மூழ்கிக்கு ஒரு செலவு, அதைக் காக்க இன்னொரு செலவு, டார்பிடோவுக்குத் தனி. 2024 டிசம்பர் கடைசியில் இந்த ஸ்கார்பீன்களுக்கே இன்னும் 2,867 கோடிக்கு இரண்டு ஒப்பந்தம் போட்டார்கள். கீழே அதிக நாள் இருப்பதற்கான அமைப்புக்கு 1,990 கோடி. புது டார்பிடோ பொருத்த 877 கோடி. இதையும் சேர்த்து வகுங்கள். ஒரு கப்பல் 4,400 கோடியைத் தாண்டுகிறது. இரண்டு அத்திக்கடவு போட்டு மிச்சமும் இருக்கும்.

1,990 கோடி என்றால் தனியாகவே ஒரு அத்திக்கடவு. கப்பல் கட்டும்போதே வைத்திருக்க வேண்டிய சாமானுக்கு ஒரு அத்திக்கடவு.

பீளமேடு பட்டறை:

நான் வார்ப்படத் தொழில் செய்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள், எனக்கு அதில்தான் கோபம்.

1981-ல் நான்கு நீர்மூழ்கிக்கு ஜெர்மனியின் எச்டிடபிள்யூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். இரண்டு கப்பல் அங்கே, இரண்டு மும்பையில். 1987-ல் கமிஷன் புகார் வெடித்தது. வி.பி. சிங் பாதுகாப்பு அமைச்சர் பதவியை விட்டதே அந்த விசாரணையை ஒட்டித்தான். நிறுவனத்தை ஒதுக்கிவைத்தார்கள். மும்பையில் கட்டியது ஷல்கி 1992, ஷங்குல் 1994, அவ்வளவுதான். அந்த இரண்டையும் கட்டிய வெல்டர்கள், பிட்டர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? நீர்மூழ்கியின் உடலுக்குப் போடுகிற வெல்டிங் சாதாரண வெல்டிங் அல்ல. ஒவ்வொரு பற்றும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கப்படும். ஆழத்தில் தண்ணீர் அழுத்தும்போது ஒரு மயிரிழை விரிசல் போதும், எல்லோரும் காலி. அந்தக் கை பழகுவதற்கே வருடங்கள் ஆகும். பழகிய கையைச் சும்மா உட்கார வைத்தோம். வயதாகிப் போனார்கள். 2005-ல் ஸ்கார்பீனுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது அடுத்த ஆறுக்கு யாரோடு பேச்சு? அதே எச்டிடபிள்யூவை உள்ளே வைத்திருக்கும் ஜெர்மன் கம்பெனியோடு.

காசு அதிகமா குறைவா என்பது அல்ல என் சண்டை. நிறுத்தி நிறுத்திச் செலவு செய்வதுதான் திருட்டு. கோயம்புத்தூரைப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஒரு முனையமாக அறிவித்தார்கள். சிறுதொழில் சங்கமான கொடிசியாவிலும் ஒரு மையம் வைத்தார்கள். இங்கே இருக்கிற பம்ப் பட்டறைகளிடம் இல்லாத கைத்திறன் எங்கே இருக்கிறது? ஆனால் ஆர்டர் வரும், வராது, வரும் என்று இருந்தால் எந்தப் பட்டறைக்காரன் புது மெஷின் வாங்குவான்? ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாதிரி வார்ப்பு செய்து அனுப்பிவிட்டு, ஏற்றார்களா தள்ளினார்களா என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒன்று தொடர்ந்து கட்டு, இல்லை கட்டவே வேண்டாம்.

அன்னூர் மேட்டாங்காடு:

கட்டவே வேண்டாம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பீளமேடு பட்டறை:

நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பூர் பின்னலாடை:

சரி, அன்னூர்க்காரருக்கு ஒரு கேள்வி. நீங்கள் உயர்த்திப் பிடிக்கிற அத்திக்கடவும் 1,652 கோடியில் தொடங்கி 1,916 கோடியில்தானே முடிந்தது? 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்டில் திறப்பு. அதிலும் விலை ஏறியது, தாமதம் ஆனது. நீர்மூழ்கியில் ஏறினால் மட்டும் ஊதாரித்தனமா?

சென்னிமலை கிழக்கு:

1,652-க்கு அடிக்கல் வைத்து வேலையை முக்கால்வாசி முடித்தது யார் என்று சொல்லுங்கள். எடப்பாடியார் ஆட்சியில் நடந்த வேலைக்குப் பின்னால் வந்தவர்கள் ரிப்பன் வெட்டினார்கள்.

கோபி மின்னணுப் பொறியாளர்:

முக்கால்வாசி முடிந்திருந்தால் 2021-லேயே தண்ணீர் வந்திருக்க வேண்டும். தயவுசெய்து இங்கே கட்சியைக் கொண்டுவராதீர்கள்.

சென்னிமலை கிழக்கு:

கட்சியைக் கொண்டுவரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் திருப்பூர்க்காரர் தண்ணீரைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரத்துப்பாளையம் அணை எதற்குக் கட்டினது? பாசனத்துக்கு. சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற தொட்டியாக அதை மாற்றியது யார்? நொய்யல் பாசனத்தில் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரியுமா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நிறுத்தினீர்கள். இப்போது உங்கள் கண்டெய்னரைக் காக்க நாங்கள் நீர்மூழ்கிக்கு வரி கட்ட வேண்டுமாம்.

திருப்பூர் பின்னலாடை:

நான் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். சாயப்பட்டறை அல்ல. இன்றைக்குச் சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று கோடிக்கணக்கில் போட்டுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிற ஊர் திருப்பூர். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே வேலைக்கு வருகிறார்கள்? காலையில் சென்னிமலையிலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் வருகிற கம்பெனி பஸ்களைப் போய் எண்ணிப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது யார் வயிற்றில் அடி விழுந்தது? எனக்கு மட்டுமா?

சென்னிமலை கிழக்கு:

வேலை கொடுத்தால் கிணற்றைக் கெடுக்கலாம் என்று சட்டமா? எங்கள் ஊர்க் கைத்தறியை நீங்கள்தான் சாகடித்தீர்கள் என்று ஆரம்பித்தால் இந்த இழை போதாது.

அந்தியூர் வாத்தியார்:

தலைப்பு நீர்மூழ்கி. நொய்யலுக்குத் தனி இழை தொடங்குங்கள். நான் கேட்ட வகைப் பிரிவுக்கு ஒருவரும் இன்னும் வரவில்லை.

பழைய மாலுமி, பெருந்துறை:

வாத்தியார் கேட்டதை விடுங்கள், நான் கேட்டதற்கே ஒருவரும் வரவில்லை. 1982 மே 2. பாக்லாந்துப் போர். பிரிட்டனின் கான்கரர் என்ற ஒரு நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் கரையை விட்டு வரவே இல்லை. விமானந்தாங்கிக் கப்பலும் திரும்பிப் போய்விட்டது. ஒரு நீர்மூழ்கி ஒரு நாட்டின் கப்பற்படை முழுவதையும் துறைமுகத்துக்குள் அடைத்துவிட்டது. அதற்கு விலை என்ன, அன்னூர்க்காரரே? அதை எத்தனை அத்திக்கடவால் வகுப்பீர்கள்?

கடல் இல்லாத ஊர் என்று எழுதினீர்கள். கோயம்புத்தூர் ரெட்ஃபீல்ட்ஸில் ஐஎன்எஸ் அக்ரணி இருக்கிறது, கப்பற்படையின் தலைமைப் பண்புப் பயிற்சி நிலையம். அந்த வாசலைத் தாண்டித்தானே ரேஸ்கோர்ஸுக்குப் போகிறீர்கள்? சூலூரில் தேஜஸ் விமானங்கள் நிற்கின்றன. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன். மிகத் தாழ்ந்த அலைவரிசையில் கடலுக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிகளோடு பேசுகிற நிலையம் அது. 1990 முதல் இயங்குகிறது. கல்பாக்கத்தில்தான் அரிஹந்துக்கான மாதிரி அணு உலையை ஓட்டிப் பார்த்தார்கள். இந்த நாட்டின் நீர்மூழ்கிப் படையில் தமிழ் மண்ணுக்குப் பங்கு இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை. உங்களுக்கு இல்லையென்றால் அது உங்கள் குறை.

அன்னூர் மேட்டாங்காடு:

பெருமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். சரிங்க ஐயா, பேசுவோம்.

2013 ஆகஸ்ட் 14 ராத்திரி மும்பை துறைமுகத்தில் நம் நீர்மூழ்கி சிந்துரக்‌ஷக் வெடித்தது. எதிரி அடிக்கவில்லை. கட்டிப்போட்ட இடத்திலேயே வெடித்து மூழ்கியது. 18 பேர் உள்ளே. ரஷ்யாவில் முழுசாகப் பழுது பார்த்துவிட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் கழித்து சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீ. இரண்டு அதிகாரிகள் போனார்கள். கப்பற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த மனிதரை மதிக்கிறேன். விலகியவர் அவர் ஒருவர்தான். டார்பிடோ வாங்காமல் விட்டவர்கள், ஐந்து வருடம் தாமதம் செய்தவர்கள், விலையை ஏற்றியவர்கள், ஒருவராவது விலகினார்களா? அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளின் உயிருக்கும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன். வாங்குவதில் இருக்கிற அக்கறை, வாங்கியதைப் பராமரிப்பதில் இல்லை. பத்து வாங்கிவிட்டு ஐந்தைச் சரியாக வைத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னும் எதற்குக் கொடுக்க வேண்டும்?

பெல்கிரானோ கதை எல்லோரும் சொல்வது. பிரிட்டன் அன்றைக்கு அடித்தது அணுசக்தி நீர்மூழ்கியை வைத்து. நாம் 23,562 கோடி கொடுத்தது டீசல் நீர்மூழ்கிக்கு. நீங்கள் சொல்கிற வேலை வேறு, நாம் வாங்கிய சாமான் வேறு.

அந்தியூர் வாத்தியார்:

இதைத்தான் நான் முதலிலேயே பிரித்துப் பேசச் சொன்னேன்!

அன்னூர் மேட்டாங்காடு:

வாத்தியார் ஐயா, நான் உங்கள் பக்கம் பேசவில்லை. என் கணக்கைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவையும் பாருங்கள். பன்னிரண்டு பிரெஞ்சு நீர்மூழ்கி வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் போட்டு, 2021 செப்டம்பரில் கிழித்துப் போட்டார்கள். இப்போது அமெரிக்கா, பிரிட்டனோடு அணுசக்தி நீர்மூழ்கி. 2050-கள் வரை 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை ஆகும் என்று அவர்கள் அரசே சொல்கிறது. பணக்கார நாடே திணறுகிறது. ஒருமுறை இந்த வழியில் இறங்கிவிட்டால் நிறுத்தவே முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திருப்பூர் பின்னலாடை:

ஆஸ்திரேலியா திணறியும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று யோசித்தீர்களா? சீனாவைப் பார்த்துப் பயம். நமக்குச் சீனா பக்கத்து வீடு. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தாகிவிட்டது.

2025–26-ல் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1.6 லட்சம் கோடி. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கப்பலை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழைய மாலுமி, பெருந்துறை:

ஓய்வூதியத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் என் பக்கத்தில் இருப்பவர் என்று நினைத்தேன். எங்கள் ஓய்வூதியம் செலவா உங்களுக்கு?

திருப்பூர் பின்னலாடை:

ஐயா, உங்களைச் சொல்லவில்லை. தொகையின் அளவைத்தான் சொன்னேன்.

பழைய மாலுமி, பெருந்துறை:

அளவைச் சொல்வதற்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

அன்னூர் மேட்டாங்காடு:

உங்களுக்குள் தீர்த்துக்கொண்டு வாருங்கள். அதற்குள் அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கான கணக்கையும் போட்டு வைக்கிறேன். 2021 ஜூலையில் டெண்டர் கேட்டபோது 43,000 கோடி. ஆறால் வகுத்தால் 7,166 கோடி. ஒரு கப்பலுக்கு மூன்றரை அத்திக்கடவுக்கு மேல். இப்போது பத்திரிகைகளில் 70,000 கோடி என்று வருகிறது. அப்படியானால் ஆறு அத்திக்கடவு. ஒரே ஒரு கப்பலுக்கு. மேட்டூர் உபரி, பாண்டியாறு–புன்னம்புழா என்று இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் பேசிவிட்டு மறந்துபோகிற திட்டம் எத்தனை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

திருப்பூர் பின்னலாடை:

ஆறால் வகுக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? அதிலும் தொழில்நுட்பம் அடக்கம்.

அன்னூர் மேட்டாங்காடு:

அப்படியானால் வகுக்கவே வேண்டாம். மொத்தமாகவே சொல்கிறேன். 70,000 கோடி. முப்பத்தாறு அத்திக்கடவு.

பீளமேடு பட்டறை:

முப்பத்தாறு அத்திக்கடவு போட முப்பத்தாறு பவானி வேண்டும், இருக்கிறதா? சும்மா எண்ணைப் பெருக்கிக்கொண்டே போனால் ஆகுமா? நீர்மூழ்கி வெல்டர்களைப் பற்றி நான் எழுதியதை ஒருவராவது படித்தீர்களா?

சென்னிமலை கிழக்கு:

நான் படித்தேன். ஆனால் ஒரத்துப்பாளையத்துக்குத் திருப்பூர்க்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும், அப்புறம் வெல்டருக்கு வருகிறேன்.

திருப்பூர் பின்னலாடை:

ஒரத்துப்பாளையத்துக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? நீங்கள் ஒருமுறை பெருமாநல்லூர்ப் பக்கம் வந்து எங்கள் யூனிட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சாயத் தொட்டி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், பார்ப்போம்.